வாத்துக்காரியும் பச்சோந்திக்காரியும்

மோகனூர்
9.9.2024

அன்புத் தங்கை மைதிலிக்கு,

அக்கா கோகிலவாணி எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், பண்ணைக் கோழிகள் எல்லோரும் சௌக்கியம். உன் மச்சானுக்கு மட்டும் முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிடுகிறேன், திட்டும் வாங்கிக்கொள்கிறேன். நீயும் முருகானந்தம் மாப்பிள்ளையும் சுகமா? ரிக் வண்டியோடு இப்போது எந்த ஊரில் போர்வெல் போடுகிறார்?

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். ஆடிப் பதினெட்டன்று போட்ட சண்டையில், "இனிமே உன்ற குரலே எனக்கு வேண்டாம், சொல்றதை எழுதி அனுப்பு" என்றேன். "சரி, இனி நான் போன் பண்ணுனா உன்ற தங்கச்சியே இல்ல" என்று நீயும் வைத்துவிட்டாய். உனக்கு ரோசம் இருந்தால் எனக்கும் இருக்கிறது.

சண்டை எதற்கு என்று மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் தம்பி ஜெகதீஸ்வரன் சேலத்திலிருந்து உன் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனான். சேந்தமங்கலத்துக்கும் மோகனூருக்கும் என்ன பெரிய தூரம்? ஒரு வாய் காப்பிக்கு என் வீட்டுக்கு வர அவனுக்கு நேரமில்லை. கேட்டால், "சின்னக்கா ஊட்டு வேலியில ஒரு பச்சோந்தி இருக்குதுக்கா, அதைப் பாக்கப் போனேன்" என்கிறான். காலேஜில் விலங்கியல் பாடம் நடத்துகிறவனுக்குப் பச்சோந்தி கிடைக்காமலா போய்விட்டது? அம்மா அப்பா போன பிறகு அவனை இடுப்பில் சுமந்தவள் நான். அவன் பார்க்கப் போனது ஓணானுக்குச் சொந்தக்காரி வீட்டை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. வைகாசியில் அவன் கல்யாணம். இணைச்சீருக்கு உன்னை நிற்கச் சொல்லியிருக்கிறானாமே? மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பட்டு உடுத்தி, பேழைமூடிக் கூடையைத் தலையில் வைத்து, அவனுக்கு இணையாகச் சபையில் நிற்பது. ஒருத்திதான் நிற்க முடியும். மூத்தவள் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க இளையவள் நிற்பதை நம் சனத்தில் எங்கே பார்த்திருக்கிறாய்? வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
கோகிலவாணி

---

சேந்தமங்கலம்
26.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மைதிலி. நான் நன்றாக இருக்கிறேன். மச்சானின் முழங்காலுக்கு நொச்சித்தழை ஒத்தடம் கொடு. மச்சானையும் கேட்டதாகச் சொல்.

அது ஓணான் இல்லை, பச்சோந்தி. கிளுவை வேலியில் இருக்கிறது. நீ வந்து பார்த்தால் உனக்கும் பிடித்துப்போகும். ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று ஆடி ஆடி யோசித்து, பிறகுதான் வைக்கும். கண் இரண்டும் தனித்தனியாகச் சுற்றுகின்றன. ஒன்று ஈயைப் பார்க்கும், ஒன்று என்னைப் பார்க்கும். உடம்பு நீளத்துக்கு நாக்கை வீசி ஈயை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். சாயங்காலம் நான் தண்ணீர் தெளித்தால் இலையில் நிற்கும் சொட்டை நக்கிக் குடிக்கிறது. பேச்சுத்துணைக்கு ஆகாது, ஆனால் கேள்வி எதுவும் கேட்காது. எனக்கு அது போதும்.

இணைச்சீர் பற்றித் தம்பிதான் பேசினான். நான் பதில் சொல்லவில்லை.

உன் சமையலும் உன் கூச்சலும் இல்லாமல் ஆவணி போய்விட்டது.

தங்கை,
மைதிலி

---

மோகனூர்
15.10.2024

மைதிலிக்கு,

இங்கே மழைக்கோப்பு, தும்மல், கஷாயம். மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தேன். நீ பச்சோந்தியின் காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. சம்பாதிக்கிற புருஷன், சொந்த வீடு, மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. சொன்னால் நான் கண் வைத்துவிடுவேன் என்று பயமா? வைக்கத்தான் செய்வேன்.

என்னிடமும் ஒன்று வந்திருக்கிறது, கேள். நம் கரும்புக் காட்டை ஒட்டின வாய்க்காலில் ஒரு ஜோடி வாத்து. வளர்ப்பு வாத்து இல்லை, காட்டு வாத்து. அலகு கறுப்பு, நுனி மட்டும் மஞ்சள் தடவினது போல. நெற்றிக்குக் கீழே இரண்டு பக்கமும் குங்குமம் வைத்தது மாதிரி சிவப்புப் புள்ளி. பார்த்தால் சாம்பல் நிறத்தில் சாதுவாக நிற்கும். இறக்கையை விரித்தால் உள்ளே மயில்பச்சை! நாள் முழுக்க அதை மூடியே வைத்திருக்கிறது. உன் ஆள் மாதிரி நிமிஷத்துக்கு ஒரு சாயம் பூசிக்கொள்வதில்லை.

போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "புள்ளிமூக்கு வாத்துக்கா. சூப்பர்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். உன் பச்சோந்திக்கு நான்கு நாள், என் வாத்துக்கு நான்கு வார்த்தை. அதுவும் இல்லை, மூன்று.

ஒரு கண் ஈயின் மேல், ஒரு கண் உன் மேல் என்று எழுதினாயே. இன்னொரு கண் இருந்தால் அது இணைச்சீர் மேல் இருக்கும். பச்சோந்தி என்று ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா?

நொச்சித்தழை கேட்டது. உன் மச்சான் உன்னைத்தான் மெச்சுகிறார். அதற்கும் எனக்கு எரிச்சல்.

அக்கா

---

சேந்தமங்கலம்
6.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பின முறுக்கும் அதிரசமும் கிடைத்தன. தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

பச்சோந்தி என்று யாரைச் சொல்வார்கள் என்று தெரியும். வாத்து என்று யாரைச் சொல்வார்கள் என்று உனக்கும் தெரியும். அதனால் அதை விடு.

தம்பி போன வாரம் வந்தான். ஒரு முகக்கண்ணாடியை வேலியில் கட்டினான். பச்சோந்தி மெதுவாக வந்து எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை, தொண்டையை உப்பிக்கொண்டு பாம்பு மாதிரி சீறுகிறது. கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று அதற்குத் தெரியவில்லை. "இதுகளுக்கு இன்னொன்னு பக்கத்துல இருந்தா ஆகாதுக்கா" என்றான் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு ஏன் என்று தெரியும்.

நேற்று அது கிளுவையைவிட்டு இறங்கி, வேலியோரம் மண்ணைத் தோண்டி, பாதி உடம்பை உள்ளே விட்டுக்கொண்டு முட்டையிட்டது. கடைசியில் மண்ணைத் தள்ளி மூடி, காலால் அமுக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலிக்குப் போய்விட்டது. இனி அதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லையாம். மண் பார்த்துக்கொள்ளுமாம், மாதக்கணக்கில்.

ஆனால் அந்த இடத்தை நிரவ ஜேசிபி வரப்போகிறது. வேலியையும் எடுக்கிறார்கள். முட்டையை என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

உன் வாத்து அடை உட்கார்ந்தால், ஆண் வாத்து கூட இருக்கிறதா என்று பார்த்து எழுது.

மைதிலி

---

மோகனூர்
12.11.2024

மைதிலிக்கு,

உடம்பு எப்படி? உன் கையெழுத்து போன தடவை கோணலாக இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கிறது.

என் வாத்து கரும்புச் சோகைக்கு நடுவே அடை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது! தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி மெத்தை போட்டிருக்கிறது. பசிக்குக் கொஞ்சம் வெளியே போனாலும் அந்த மெத்தையை இழுத்து முட்டைமேல் போர்த்திவிட்டுப் போகிறது. எங்கள் நாய் அந்தப் பக்கம் போனபோது இறக்கை ஒடிந்தது போல நொண்டி நொண்டி நாயை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. என்ன நடிப்பு! உன் பச்சோந்தி பெற்றுப் போட்டுவிட்டுப் போகிறவள். என் வாத்து பாடுபட்டு வளர்க்கிறவள். நம் வீட்டில் யார் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண் வாத்து கூட இருக்கிறதா என்று கேட்டாய். வாய்க்காலை விட்டு நகரவில்லை, அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஏன் கேட்டாய்?

முட்டைக்கு ஏன் யோசிக்கிறாய்? நாமக்கல் மாதிரி முட்டை ஊரில் முட்டையைக் காப்பாற்ற ஆள் இல்லையா? நாட்டுக்கோழிக்கு வாங்கின சின்ன இன்குபேட்டர் என்னிடம் சும்மா இருக்கிறது. எங்கள் முட்டை வண்டி சேந்தமங்கலம் வழியாகத்தான் வரும். டிரைவரிடம் கொடுத்து அனுப்பு. உன் பச்சோந்தி செய்யாததை நான் செய்கிறேன்.

மறைப்பானேன்? குஞ்சு என் வீட்டில் பொரித்தால் தம்பி என் வீட்டுக்குத்தானே வர வேண்டும். நான்கு நாள் தங்கட்டும். ஆட்டுக்கறி எடுத்துப் போடுகிறேன்.

அக்கா

---

சேந்தமங்கலம்
19.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், டிரைவர் வாசலில் ஆரன் அடிக்கிறார்.

ஐஸ்கிரீம் டப்பாவில் ஈர மண் போட்டு முட்டைகளை வைத்திருக்கிறேன். வெள்ளையாக, நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். ஓடு கெட்டியாக இருக்காது, தோல் மாதிரி இருக்கும், பயப்படாதே. எப்படி வைப்பது என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். அவன் மாணவர்களோடு மலைக்குப் போயிருக்கிறான், வந்ததும் எழுதுகிறேன்.

பார்த்துக்கொள் அக்கா. உன்னிடம் கொடுப்பதால்தான் கொடுக்கிறேன்.

மைதிலி

---

மோகனூர்
28.11.2024

மைதிலிக்கு,

சுகம்தானே? இங்கே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. கோழி ஷெட்டுக்குள் தண்ணீர் வராமல் மண்மூட்டை அடுக்கி உன் மச்சானுக்கு இடுப்பும் போயிற்று.

உன் முட்டைகள் ராஜ உபசாரத்தில் இருக்கின்றன. மண்ணைத் துடைத்து, இன்குபேட்டரில் கோழி முட்டைக்கு வைக்கிற அதே சூட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் புள்ளி வைத்து, காலையும் மாலையும் தவறாமல் திருப்புகிறேன். திருப்பாவிட்டால் கரு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் உன் தம்பி புத்தகத்தில் படித்திருப்பான், நான் கையால் படித்தவள்.

நேற்று நீ போன் அடித்தாய். பார்த்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாய், கட் செய்தேன். மூன்றாவது தடவையும் உன் பெயர் மின்னியபோது, பொய் சொல்வானேன், எனக்கு ஒரே சந்தோஷம். முதலில் இறங்கி வந்தது நீதான்! போன் பண்ணினால் தங்கச்சியே இல்லை என்றவள் நீ. என்ன இருந்தாலும் எழுது. நான் காத்திருக்கிறேன்.

வாத்துக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. அம்மா முன்னால் போக, பின்னால் வரிசை. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அக்கா

---

சேந்தமங்கலம்
28.11.2024

அக்கா,

திருப்பாதே.

தம்பி நேற்றுத்தான் மலையிலிருந்து இறங்கினான், கேட்டதும் பதறிவிட்டான். பறவை முட்டையைத் திருப்பாவிட்டால் கரு செத்துப்போகும். பச்சோந்தி முட்டையைத் திருப்பினால் கரு செத்துப்போகும். மண்ணுக்குள் வைத்தது வைத்தபடி அசையாமல் இருக்க வேண்டுமாம். மெஷின் சூடும் ஆகாது. ஈர மண்ணில், நிழலில், அப்படியே விடு.

உடனே உனக்குப் போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. மச்சானுக்குப் பண்ணினேன், சுவிட்ச் ஆஃப். இன்று தம்பியும் பண்ணிப் பார்த்தான், மழையில் லைனே போகவில்லை. இந்தக் கடிதம் மழையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாட்டாமல் உன் கைக்கு வர வேண்டும்.

நலமா என்று கேட்க மறந்துவிட்டேன். நலமாக இரு. முட்டைகள் எப்படி இருக்கின்றன என்று எழுது.

மைதிலி

---

மோகனூர்
27.1.2025

அன்புத் தங்கை மைதிலிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. உன் மச்சான் எழுந்து நடமாடுகிறார். இரண்டு மாதம் எழுதவில்லை. வேலை. கரும்பு வெட்டு, கோழிக்குத் தீவனம், விருந்தாளி. அப்படித்தான்.

நேற்று நிச்சயத்தில் உன்னைப் பார்த்தேனே, இளைத்திருக்கிறாய். காலைப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "முட்டையெல்லாம் எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டாய். நான், "பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?" என்றேன். பிறகு நான், "மாப்பிள்ளை எப்ப வாராரு?" என்று கேட்டேன். நீ சாம்பார் வாளியைக் கூப்பிட்டாய். நன்றாகத்தான் சாப்பிட்டோம் இரண்டு பேரும்.

நடந்ததற்கு வருகிறேன். இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றி முடிந்ததும், சீர் முறையெல்லாம் தீர்மானிக்கிற பாலசுந்தரம் பெரியப்பாவிடம் நான்தான் போய், "இணைச்சீருக்கு யாருங்க பெரியப்பா? மூத்தவ நான் இருக்கறேன்" என்று கேட்டேன். உன் காதில் விழட்டும் என்றுதான் உரக்கக் கேட்டேன். அவர் உன்னைக் கூப்பிட்டு, அத்தனை பேர் நடுவில், "உன்ற ஊட்டுக்காரரு எங்கம்மிணி? இணைச்சீர்க்காரி ஊட்டுக்காரருக்குச் சபையில மரியாதை செய்யோணும். வருவாரா, மாட்டாரா?" என்றார். நீ, "ரிக் வண்டியில வடக்க இருக்காருங்க" என்றாய். "வருவாரான்னு கேட்டேன்" என்றார். நீ தரையில் கிடந்த பூவைப் பொறுக்க ஆரம்பித்தாய். "அப்ப கோகிலவாணியே நிக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

நீ எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் என்ன தப்பாகக் கேட்டேன்? ஒரு வாரம் லீவு போட்டு வர முடியாதா மாப்பிள்ளைக்கு?

ஜெயித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்தேன். மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன்.

பதில் எழுது.

அக்கா

---

மோகனூர்
10.3.2025

மைதிலிக்கு,

தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசலுக்கு வருகிறேன். அவர் கையை விரிக்கிறார். கோபம் என்றால் திட்டியாவது எழுது. நீ திட்டினால் நான் பதிலுக்குத் திட்டலாம். பேசாமல் இருந்தால் நான் என்ன செய்ய?

வாத்துக் குஞ்சுகள் பெரிதாகிப் பறந்துவிட்டன. வாய்க்காலில் தண்ணீரும் நின்றுவிட்டது. பார்க்க ஒன்றுமில்லை.

உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுது சாமி.

அக்கா

---

மோகனூர்
21.4.2025

என் மைதிலிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கிறேன். நலமா?

நேற்று சேந்தமங்கலம் போனேன். வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர். உன் வீட்டு வாசலில் யாரோ ஒருத்தி வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள்தான் வெளியே வந்து சொன்னாள்: "மைதிலியம்மிணி தை மாசக் கடைசியிலயே காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க. அவிய ஊட்டுக்காரரு ஒடிசாவுல வேற குடும்பமாயி வருசம் ஆச்சுங்களே. ஊட்டையும் வித்துப்போட்டாரு. தம்பிதானுங்க வந்து வந்து நாமக்கல்லுக்கு வக்கீலுகிட்டக் கூட்டிட்டுப் போச்சு. ஏனுங்க, நீங்க கூடப் பொறந்தவங்கதானுங்களே? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாதுங்க என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவள் கொடுத்த மோரை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தம்பிக்குப் போன் செய்து கத்தினேன். "ஏண்டா எங்கிட்டச் சொல்லலே?" என்றேன். "சின்னக்கா சத்தியம் வாங்கிருச்சு. நீங்களும் பச்சோந்தியப் பத்தித்தானேக்கா கேட்டீங்க" என்றான். உன்னை ஏன் இணைச்சீருக்குக் கேட்டான் என்றும் சொன்னான். ஊர் உன்னை ஓரமாக உட்காரவைக்கும் முன்னால் சபை நடுவில் நிற்கவைக்க வேண்டும் என்று நினைத்தானாம். அதே சபையில் உன்னை நான் நிற்கவைத்தேன். கேள்வி கேட்கவைத்து.

முட்டையைப் பற்றி நீ இரண்டு தடவை கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் கடிதம் வந்தபோது எல்லாம் மஞ்சளாகிச் சப்பையாகிவிட்டன. வாடை வந்தது. தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டேன். நீ மூன்று தடவை அடித்த போனில் ஒன்றை நான் எடுத்திருந்தால் போதும். ஜெயித்த சந்தோஷத்தில் உட்கார்ந்து உன் பெயர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, என்னை என்ன செய்தால் தகும்?

சேலம் அம்மாபேட்டையில் நீ இருக்கும் முகவரியைத் தம்பி கொடுத்தான். போன் செய்யப் பயமாக இருக்கிறது. நீ எடுக்காமல் விட்டால் எனக்கு அது சரியான கூலிதான், ஆனாலும் தாங்காது.

அக்கா

---

அம்மாபேட்டை, சேலம்
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. பட்டுச்சேலை மடித்துப் பெட்டி போடும் இடத்தில் வேலை. மாடியில் ஒரு அறை. கீழே நாள் முழுக்கத் தறிச் சத்தம், அது எனக்குப் பிடித்திருக்கிறது. மச்சானின் இடுப்பு எப்படி?

உன் மேல் கோபம் இருந்தது. நிச்சயத்தன்று பஸ்ஸில் வரும்போது உன்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாய் அக்கா. சம்பாதிக்கிற புருஷன், சொந்த வீடு என்று எழுதினாயே. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் போன பிறகு என்னிடம் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது என்று நம்பினவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். சொல்லிவிட்டால் நீயும் பரிதாபப்படுவாய். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

எனக்கு மட்டும் பொறாமை இல்லையா? உன் வாத்து அடையிருக்க, ஆண் வாத்து வாய்க்காலை விட்டு நகரவில்லை என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். முழங்கால் வலியோடு உன்னைத் திட்டுவதற்கு ஒருவர் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கு எரியும்.

இப்போது கேள். முட்டைகளை உன்னிடம் கொடுத்த அன்று டப்பாவில் எல்லாவற்றையும்தான் எடுத்து வைத்தேன். அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. மோகனூரில் குஞ்சு பொரிக்கும், தம்பி அங்கே போய் நான்கு நாள் தங்குவான், நீ ஆட்டுக்கறி சமைப்பாய். எனக்கு இருந்தது அந்தப் பச்சோந்தி ஒன்றுதான், அதையும் நீ எடுத்துக்கொள்வாயே என்று வயிறு காந்தியது. டிரைவர் ஆரன் அடிக்க அடிக்க, பாதியைச் சுற்றியிருந்த மண்ணோடு அப்படியே திரும்ப எடுத்து ஒரு மண் கலயத்தில் புதைத்து ஒளித்துவைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வீடு மாறும்போது அந்தக் கலயத்தை ஆடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முந்தாநாள் காலையில் மண் அசைந்தது. பெருவிரல் நகத்தில் உட்காரும் அளவுக்கு ஒன்று வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. முதலாவது அதைப் பார்த்ததும் கறுத்துப்போய்த் தொண்டையை உப்பியது. பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை அக்கா! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பொறாமை இல்லாவிட்டால் இவையும் உன் தென்னை மரத்தடியில்தான் இருந்திருக்கும்.

தம்பி வந்து கொல்லிமலை அடிவாரத்தில் விட்டுவிடப் போகிறான். அதற்குள் நீ வந்தால் பார்க்கலாம்.

கல்யாணத்தில் நீ நில். நான் வந்து பந்தியில் உட்காருகிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

மைதிலி

---

மோகனூர்
16.5.2025

மைதிலி,

உன் மச்சானுக்கு இடுப்பு தேவலை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. அதை வைத்து இன்று ஒரு வேலை முடித்தேன்.

பாலசுந்தரம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "இணைச்சீருக்கு மைதிலிதானுங்க நிக்கறா" என்றேன். "அவ ஊட்டுக்காரரு?" என்றார். "அவரு இல்லீங்க, இனி வர மாட்டாருங்க. அதை மறுபடியும் அவகிட்டக் கேக்காதீங்க. யாரு கேட்டாலும் எங்கிட்ட அனுப்புங்க, நான் பதில் சொல்றேன்" என்றேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல அம்மிணி" என்றார். "கூடப் பொறந்தவ நிக்கறதுதானுங்க வழக்கம். அவ கூடப் பொறந்தவளா, இல்லீங்களா? இல்லீன்னா நானும் நிக்கலீங்க, பேழைமூடியத் தம்பியே தலையில வெச்சுக்கட்டும்" என்றேன். தம்பியும் கூட இருந்தான். "எனக்குச் சின்னக்காதான் நிக்கோணும் பெரியப்பா" என்றான். பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "செரி, கழுத, நிக்கட்டும்" என்றார். சபையில் உனக்குக் கொடுக்கும் மரியாதைத் தட்டை உன் மச்சான் கூட நின்று வாங்கித் தருவார். இடுப்பு வலித்தாலும் குனிவார், சொல்லிவிட்டேன்.

பரிதாபத்தில் இதைச் செய்தேன் என்று நினைத்தாயானால் அடி வாங்குவாய். எனக்கு உன்மேல் பொறாமை இன்னும் அப்படியே இருக்கிறது. பட்டு உடுத்தி, தம்பி பக்கத்தில் நீ நிற்கும்போது எனக்கு வயிறு பற்றி எரியும். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எரிய எரியப் பார்ப்பேன். நீ நிமிர்ந்து நில்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அம்மாபேட்டை வருகிறேன். குஞ்சுகளைத் தம்பி எடுத்துப்போகாமல் பிடித்து வை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் நானே வந்து சேர்ந்திருப்பேன், தெரியும். இருந்தாலும் எழுதி முடிக்காமல் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இதோ, பேனாவை வைத்துவிட்டுப் போனைத்தான் கையில் எடுக்கிறேன். நான் பண்ணினால் நான் உன் அக்காவே இல்லை என்றெல்லாம் நான் எப்போதும் சொன்னதில்லை, அது நீ சொன்ன வசனம். அடிக்கும். எடு.

அக்கா